கதவு திறந்த பிறகு யார் குதிரை

குதிரைப் பந்தய சினிமா பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் மேல் தப்பில்லை, தெரியும். இருந்தாலும் பிடிக்காது. கலிஃபோர்னியாவில், மலையடிவாரத்துப் பந்தயத் திடலில் ஜாக்கியாக இருந்தவன் நான். பெயர் என்னிஸ் காஃபி. அப்படியொரு காதல் சிரிப்புப் படத்தில் கதாநாயகனின் சட்டையை மாட்டிக்கொண்டு முதுகை மட்டும் காட்டியிருக்கிறேன். திரையில் என் பெயரைத் தேடாதீர்கள், போட மாட்டார்கள். போகட்டும், இது என் கதையில்லை. வெல்டா மேப்ஸின் கதை. அவளைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

வெல்டா நாற்பதைத் தாண்டிய விதவை. நெடுநெடுவென்று இருப்பாள். நான் அவள் தோளுக்குக்கூட வரமாட்டேன். கான்சாஸில் மண்புயல் வயலை மூடிய வருஷம், அவளும் கணவனும் ஒரு சினைக் குதிரையை லாரியில் ஏற்றிக்கொண்டு மேற்கே வந்தார்கள். ஊரில் தின்ற தூசி கணவனின் நுரையீரலை விடவில்லை, வந்த கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தான். குதிரை குட்டி போட்டது. குட்டிக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலைவிட வயிறு பெரிது. பிக்கிள் பேரல் என்று பெயர் வைத்தாள், அதாவது ஊறுகாய்ப் பீப்பாய். லாயத்தில் எல்லோருக்கும் அவன் பிக்கிள். தாயை விற்றுத்தான் மகனுக்குத் தீனி போட்டாள்.

குதிரை பழக்க ஒரு பெண்ணுக்கு உரிமமா என்று திடலின் நடுவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு சீசனும் போய் அவர்கள் வாசலில் நின்றாள். கடைசியில் தொல்லை தாங்காமல் கொடுத்தார்கள். இருட்டிய பிறகு பெண்கள் லாயத்துக்குள் இருக்கக் கூடாது என்று ஒரு விதி வேறு. அதனால் விடியும்போது வெளிவாசலில் முதல் ஆளாக நிற்பாள். பூஞ்சை பிடித்த புல்லை அவள் தலையில் கட்டப் பார்த்த தீவனக்காரன் ஒருவனின் தலையிலேயே அந்தக் கட்டைக் கவிழ்த்தாள். அவன் தும்மிக்கொண்டே ஓடியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவளிடம் யாரும் வாலாட்டவில்லை.

பிக்கிள் ஒன்றும் சூரப்புலி இல்லை. விலை ரேஸ்களில் ஓடுகிறவன். அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. விலை ரேஸில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலை போட்டிருக்கும். விலை குறைவான ரேஸ் என்றால் எதிரே ஓடுவதும் மட்டமான குதிரைகள். அந்தத் திடலில் தன் குதிரையை ஓடவிட்ட எவரும் ரேஸுக்கு முன்னால் அந்த விலையைக் கட்டிப் பெட்டியில் சீட்டுப் போடலாம். பந்தயம் தொடங்கக் கதவு திறந்து குதிரைகள் பாய்ந்த அந்த நொடியிலிருந்து குதிரை சீட்டுப் போட்டவருடையது. வழியில் கால் ஒடிந்தாலும் அவருடையதுதான். அந்த ரேஸின் பரிசு மட்டும் பழைய சொந்தக்காரருக்கு.

விதி அது. விதிக்கு மேலே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒற்றைக் குதிரையை வைத்துப் பிழைக்கிறவர் குதிரைக்கு யாரும் சீட்டுப் போட மாட்டோம். எழுதி வைக்கவில்லை, யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. லாயத்தில் ஆயிரம் திருட்டு நடக்கும், அந்தத் திருட்டு மட்டும் நடக்காது. வெல்டா அதை நம்பித்தான் பிக்கிளை ஓட்டினாள்.

அப்புறம் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

பிக்கிளுக்கு ஒரு கெட்ட பழக்கம். பக்கத்தில் வருகிறவர் தொப்பியைப் பல்லால் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக்கொள்வான். கம்பெனியின் ஆள் ஒருவன், லைல் ஃபென்விக் என்று பெயர், விளம்பரமும் வெளி ஏற்பாடும் அவன் பொறுப்பு. லாயத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவனின் வெண்ணெய் நிறத் தொப்பி பிக்கிளின் வாய்க்குப் போயிற்று. மற்றவர்களென்றால் திட்டுவார்கள். இவன் துள்ளிக் குதித்தான்.

"மிஸஸ் மேப்ஸ், இவன் பொறவி நடிகன்! எங்க கதையில ஒரு பணக்காரப் பொண்ணு லாயத்து வேலைக்காரி மாதிரி வேஷம் போட்டுட்டு வர்றா. குதிரை அவ தொப்பியப் புடுங்குது, முடி அவுந்து விழுது, ஹீரோ பாக்கறான். அவ்வளவுதான், காதல்!"

"முடி அவுந்தா காதலா?" என்றாள் வெல்டா. "எனக்குத் தெனமும் அவுருது. ஒரு நாயும் வரல."

வாடகை பேசினார்கள். பிக்கிள் நடித்தான். ஹீரோவுக்குக் குதிரை என்றாலே நடுக்கம், அதனால் அவன் சட்டையில் நான் ஏறினேன். வெல்டாவுக்கு அந்தக் கூத்து பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். கேமரா பின்னால் நின்றுகொண்டு, "அவனுக்குக் கேரட் குடுக்காம எப்படிடா சிரிப்பான்?" என்று அதட்டுவாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு வாரம்தான்.

கடைசிக் காட்சி வந்தது. பிக்கிள் பெரிய பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும், திடலே எழுந்து கத்த வேண்டும். ஃபென்விக் வந்து குழைந்தான்.

"இத்தன ஆயிரம் பேருக்குச் சம்பளம் குடுத்துக் கத்த வெக்க எங்க மொதலாளி ஒத்துக்க மாட்டாரு. நெஜ ரேஸ்லயே எடுத்துடலாம். நீங்க இவன ஒரு லேசான ரேஸ்ல விடுங்க, கட்டாயம் ஜெயிக்கற மாதிரி."

"லேசான ரேஸ்னா வெலயக் கொறச்சுப் போடணும். எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

"யாரு தூக்குவா? எல்லாரும் உங்க ஆளுங்கதானே?"

அந்த வார்த்தையில் அவள் விழுந்தாள். எங்களைப் பற்றி அவன் நல்லபடியாகச் சொன்னது அது ஒன்றுதான், அதையும் அவள் நம்பித் தொலைத்தாள். பிக்கிளின் தகுதிக்குப் பாதி விலையில் பெயர் கொடுத்தாள்.

ரேஸுக்கு முந்தின நாள் பேப்பரில் படம் வந்தது. கதாநாயகி பிக்கிளின் கன்னத்தில் கன்னம் வைத்து நிற்கிறாள். கீழே, நட்சத்திரம் ஆசையாக வாங்கிய குதிரை நாளை நிஜப் பந்தயத்தில் ஓடுகிறது என்று கொட்டை எழுத்து. வெல்டா அந்தப் பேப்பரை ஃபென்விக்கின் நெஞ்சில் குத்தாத குறையாக நீட்டினாள்.

"எவ குதிரை இது?"

"ஐயோ, சும்மா வெளம்பரம், மிஸஸ் மேப்ஸ். ஜனங்களுக்கு இதெல்லாம் புடிக்கும். இதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

மறுநாள் நான்தான் ஓட்டினேன். பிக்கிள் விளையாட்டாக ஜெயித்தான். கூட்டம் கத்தியது, கேமராக்கள் சுழன்றன. வெற்றி வளையத்துக்குள் கதாநாயகி ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வெல்டா லகானைப் பிடிக்கப் போனாள். "கொஞ்சம் நகருங்கம்மா, படத்துல விழறீங்க" என்று ஒருவன் அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். அப்போதே நான் இறங்கி அவன் மூக்கில் ஒன்று வைத்திருப்பேன். எனக்கு எட்டாது.

படமெடுத்து முடித்தார்கள். டர்க் ராடமேக்கர் என்ற பெரிய முதலாளியின் லாயக்காரன் ஒருவன் வந்து பிக்கிளின் தலைக்கயிற்றில் சிவப்பு அட்டையைக் கட்டினான். யாரோ சீட்டுப் போட்டு எடுத்துவிட்டால்தான் அந்த அட்டை. வெல்டா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ராடமேக்கர் முப்பது குதிரை வைத்திருந்தவன். குதிரையைப் பிழிந்து குடித்துவிட்டுத் தோலை எறிகிறவன். வேலியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"ஒத்தக் குதிரைக்காரி கிட்டயாடா கை வெச்ச?" என்றாள்.

"ஒத்தக் குதிரைக்காரியா? பேப்பர் பாக்கலயா நீங்க? நடிகையோட குதிரைன்னு போட்டிருக்கான். நான் நடிகைகிட்டேர்ந்து எடுத்தேன்."

"யாரோடதுன்னு உனக்கு நல்லாத் தெரியும்."

"தெரிஞ்சா என்ன? உங்களுக்குத்தான் இப்ப சினிமா இருக்கே. எங்களுக்கு லாயந்தானே கதி."

சுற்றி நின்ற நாங்கள் இருபது பேராவது இருப்போம். அத்தனை பேருக்கும் அவன் புளுகுகிறான் என்று தெரியும். ஒருத்தனாவது வாயைத் திறக்க வேண்டுமே! அச்சில் வந்த பொய்க்கு அப்படியொரு மரியாதை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வெல்டா நேராக ஃபென்விக்கிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"என் குதிரை போச்சு. உன் பொய்யால போச்சு. மிச்ச சீனுக்கு அவன் வேணுமில்ல? கம்பெனியச் சொல்லி ராடமேக்கர்கிட்டேர்ந்து திருப்பி வாங்கு."

"மிச்சம் ஒண்ணும் பெருசா இல்ல" என்றான் அவன், தாள்களை அடுக்கிக்கொண்டே. "எங்களுக்கு வேண்டியது கெடச்சாச்சு. வேற குதிரைக்கு நெத்தியில வெள்ளை பெயின்ட் அடிச்சுக்குவோம். குதிரைக்குக் குதிரை என்னம்மா வித்தியாசம்? கவலப்படாதீங்க, கதையில இவன் கடைசியில அந்தப் பொண்ணுகிட்டயே திரும்பி வந்துடறான். உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

அவள் அவன் தொப்பியைப் பிடுங்கிச் சாணிக் குவியலில் வீசினாள். பிக்கிள் இருந்திருந்தால் அந்த வேலையை அவன் செய்திருப்பான்.

குதிரைக்காக ராடமேக்கர் கட்டிய பணம் அவளுக்கு வந்தது. அதில் ஒரு காசைத் தொடவில்லை. மற்றவர்களின் லாயங்களில் குதிரைக் கால்களுக்குச் சுற்றும் துணிக்கட்டுகளைத் துவைத்துப் பிழைத்தாள். பிக்கிளைத் திரும்ப எடுக்க வேண்டும், முழுசாக எடுக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் நினைப்பு. ராடமேக்கரோ எடுத்த கையோடு விலையை ஏற்றி, அவள் கைக்கு எட்டாத ரேஸ்களில் ஓட்டினான். ஒரு ரேஸ் முடிந்து மூச்சு அடங்குவதற்குள் அடுத்தது. மழையில் சேறான தரையில் ஓட்டினான். பிக்கிளும் ஓடினான். பாவம், அவனுக்கு ஓடத்தான் தெரியும்.

வசந்தத்தில் விலை இறங்க ஆரம்பித்தது. வெளியில் இருக்கிறவருக்கு அது நல்ல செய்தி மாதிரி இருக்கும். துணி துவைக்கும் தொட்டியருகே நான் போய்ச் சொன்னபோது வெல்டா கையிலிருந்ததைத் தண்ணீரிலேயே போட்டாள்.

"எந்தக் கால்?" என்றாள்.

முன்னங்கால், இடது. பின்பக்க நரம்பு வீங்கிக் கொதித்தது. ஜாக்கிக்குக் கூலிதான், ராடமேக்கருக்கும் நான் ஏறினேன்; காலைப் பயிற்சியில் ஏறியபோதே எனக்குத் தெரிந்தது. ராடமேக்கர் அந்தக் காலை ஐஸ் வாளியில் நிறுத்தி வைத்தான். மரத்துப்போன கால் நொண்டாது. மருத்துவர் வந்து நாலடி நடக்கவிட்டுப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அடிமாட்டு விலைக்கு ஒரு ரேஸில் பெயர் கொடுத்தான். யார் தலையிலாவது கட்டிவிடலாம், இல்லாவிட்டால் நேர்ப் பாதையில் ஒடியட்டும் என்பது அவன் கணக்கு. நான்தான் ஓட்ட வேண்டும். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? சொன்னால் இன்னொருவன் ஏறுவான், அவனுக்குக் கால் விஷயமே தெரியாது.

சேணம் கட்டப் போகும் வழியில் வெல்டா வேலி ஓரம் நின்றிருந்தாள்.

"என்னிஸ், இங்க வா. சீட்டுப் போட்டுட்டேன்."

"மிஸஸ் மேப்ஸ், உங்களுக்கென்ன பைத்தியமா? கால் போச்சு. இன்னிக்கு ஓடினா முழுசா ஒடிஞ்சிரும். செத்த குதிரைக்கா பணம் கட்டினீங்க?"

"கதவு தொறந்தா அது யார் குதிரை?"

"உங்க குதிரை."

"அப்ப நிறுத்து. கதவு தொறந்து வெளிய வந்ததும் நிறுத்திரு."

"அது முடியாதுங்க. கோடு தாண்டற வரைக்கும் ரேஸ் ராடமேக்கரோடது. பரிசு அவனுக்குத்தான். நான் ஓட்டித்தான் ஆகணும்."

"பரிசு அவனுக்கு. கால் யாருக்குடா?"

நான் தொப்பியின் வாரை இறுக்கினேன்.

"உன்னக் கெஞ்ச வரல" என்றாள். "நீ நிறுத்தினா உன் பொழப்பு போயிரும், அது எனக்குத் தெரியும். நிறுத்தலன்னா அவன் போயிருவான், அது உனக்குத் தெரியும். அவ்வளவுதான். போ."

சினிமாக் குதிரை என்று பாதித் திடல் அவன் மேல் பணம் கட்டியிருந்தது. நாங்கள் நடந்து வரும்போதே கூட்டம் அவன் பெயரைக் கூப்பிட்டது. கதவுக்குள் நின்றான். ஐஸின் மரமரப்பு போய்விட்டது போல, இடது காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தான். மணி அடித்தது. கதவு திறந்தது. அவன் பாய்ந்தான், அந்தக் காலோடும் பாய்ந்தான். நான் மற்றக் குதிரைகளை முன்னால் போகவிட்டு, அவனை வெளிப்பக்கமாக ஒதுக்கி, லகானை இழுத்தேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. முன்னால் போகிறவர்களைப் பார்த்துத் தலையை உதறினான், என் கையைப் பிடுங்கினான். அவன் காதில் என்னென்னவோ சொன்னேன். ஒரு வழியாக நடைக்கு வந்தான், பிறகு நின்றான். நான் குதித்து இறங்கினேன்.

அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பாட்டில்கள் பறந்து வந்தன. திருட்டு நாயே என்றார்கள், என் அம்மாவை இழுத்தார்கள். வெல்டா வேலிக்கு அடியில் குனிந்து தலைக்கயிற்றோடு ஓடிவந்தாள். பிக்கிள் அவளைப் பார்த்துக் கனைத்தான். அவள் மண்டியிட்டு அவன் காலைத் தடவிப் பார்த்தாள். வீங்கியிருந்தது, ஆனால் ஒடியவில்லை. அவள் அழுதாள். அழுகையும் கோபமாகத்தான் வந்தது, மூக்கைச் சீந்திக்கொண்டே ராடமேக்கரைத் திட்டினாள்.

எங்கள் இருவரையும் நடுவர்கள் முன்னால் நிறுத்தினார்கள், மூன்று பேர். நடுவில் இருந்த வெள்ளை மீசைக்காரரைக் கர்னல் என்பார்கள். எந்தப் போரில் என்று யாருக்கும் தெரியாது. ராடமேக்கர் மூலையில் நின்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான், அவனுக்குத்தான் நியாயம்!

"யார் சொல்லி நிறுத்தின?" என்றார் கர்னல்.

"நான் சொல்லி" என்றாள் வெல்டா.

"பொதுஜனம் உங்கள நம்பிப் பணம் கட்டியிருக்கு. அந்த நம்பிக்கையில மண்ணப் போட்டுட்டீங்க, மேடம்."

"பொதுஜனமா? இவன் பிக்கிள் கால ஐஸ்ல வெச்சு மரக்க வெச்சானே, அப்ப எங்க இருந்துச்சு உங்க பொதுஜனம்? பேப்பர்ல பொய் போட்டு என் குதிரையத் தூக்கினாங்களே, அப்ப எந்த நம்பிக்கை மண்ணாப் போச்சு? அதெல்லாம் விதிப்படி சரி! நான் என் குதிரைய நிறுத்தினா மட்டும் உங்களுக்கு நாக்கு வந்துருமா?"

கர்னல் முகம் சிவந்து மேசையைத் தட்டினார். "உங்க உரிமம் ரத்து. இந்த மாநிலத்துல எந்தத் திடல்லயும் இனிமே உங்க குதிரை ஓடாது. சாகற வரைக்கும்."

எத்தனை சீசன் அந்த வாசலில் நின்று வாங்கிய உரிமம்! ஒரு நொடி அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அப்புறம் சொன்னாள்: "எனக்கு இருக்கறது ஒரே குதிரை. அவன் இனிமே ஓடப்போறதில்ல. எடுத்துக்குங்க."

எனக்கு ஒரு வருஷம் தடை. அது முடிந்த பிறகும் ஒருத்தனும் எனக்குக் குதிரை தரவில்லை. லாரி ஓட்டப் போனேன். ராடமேக்கருக்கு ஒரு கேள்விகூட இல்லை.

அந்த மாதமே படம் வெளியாயிற்று. பக்கத்து ஊர்த் தியேட்டரில் மதியக் காட்சிக்கு நானும் வெல்டாவும் போனோம். ஏன் போனோம் என்று கேட்காதீர்கள், அவள் போக வேண்டும் என்றாள். தொப்பிக் காட்சிக்கு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கடைசியில் அந்த ரேஸ் வந்தது. நிஜ ரேஸ். நாலு கால்களும் நன்றாக இருந்த பிக்கிள், மலை பின்னால் தெரிய, காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு வந்தான். வெல்டா என் கையைப் பிடித்தாள். எலும்பு நொறுங்குகிற பிடி. அவன் கோட்டைத் தாண்டியதும் தியேட்டரே கைதட்டியது.

அடுத்த காட்சியில் ராடமேக்கர் மாதிரி ஒரு கெட்டவனிடமிருந்து குதிரையை மீட்டு வருகிறான் ஹீரோ. கதாநாயகி ஓடி வந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். நெற்றியில் பெயின்ட் அடித்த வேறொரு குதிரை. வெல்டா எழுந்து நின்றாள்.

"அது அவன் இல்ல!" என்று கத்தினாள். "பொய்! அது என் பிக்கிள் இல்ல!"

ஷ்ஷ் என்றார்கள். ஒருத்தன் பின்னாலிருந்து, "உக்காரும்மா, ஏதோ ஒரு குதிரை. யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். சிரிப்பு எழுந்தது.

"எனக்குத் தெரியும்டா" என்றாள்.

டார்ச் லைட்டோடு தியேட்டர்க்காரன் வந்து எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினான். கதவு மூடும்போது உள்ளே காதலர்கள் முத்தமிட்டார்கள் போல, மறுபடியும் கைதட்டல் கேட்டது. வெயிலில் கண் கூசியது. எனக்கு அந்தத் தியேட்டரையே கொளுத்தலாம் போல இருந்தது, அதை அவளிடம் சொன்னேன்.

"அப்பறம் கொளுத்திக்கலாம்" என்றாள் வெல்டா, ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தாள். "சீக்கிரம் வா. அவன் காலுக்குத் தண்ணி ஊத்தற நேரம்."